பாட்டு நோட்டும் பாட வேறுபாடும்
சேந்தமங்கலத்தில் திரைப்பாடல் கேட்ட மூன்று தலைமுறை

பத்தாம் ஆண்டு மலருக்குப் பாணர் மரபு பற்றி ஒரு கட்டுரை தரவேண்டும் என்று வட்டத்தின் செயலாளர் கேட்டிருந்தார். முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அது, மறுக்க வழியில்லை. குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத எழுத, மனம் நம் மாதக் கூட்டங்களின் கடைசி அரை மணி நேரத்திற்கே போய் நின்றது. கவிதை வாசிப்பு முடிந்து, நன்றியுரையும் முடிந்து, தேநீர்க் குவளைகள் காலியான பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர் மேசை விளிம்பில் விரலால் தாளமிட்டு முணுமுணுக்கத் தொடங்குவார். அதுவரை யாப்பு, படிமம், இருண்மை என்று வழக்காடிக்கொண்டிருந்தவர்கள் அவரவர் வயதுக்கேற்பக் கட்சி பிரிவார்கள். ஒருவருக்கு ஜி. இராமநாதன், ஒருவருக்கு விசுவநாதன் - இராமமூர்த்தி, ஒருவருக்கு இளையராஜா, இளையவர்க்கு ரகுமான். "அந்தக் காலத்துப் பாட்டைப் போல வருமா?" என்னும் வினா ஒவ்வொரு கட்சியிலிருந்தும் எழும். நம் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பத்தாண்டுகளில் இந்த அரை மணி நேரம் ஒரு முறையும் பதிவாகவில்லை. ஆகவே பாணர் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்; செயலாளர் பொறுத்தருள்க. ஓரிடத்தில் பாணரும் வருவார்கள்.

இளமையை நினைந்து இரங்குவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார், பெண்களோடு கைகோத்து நீராடிய நாளையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய நாளையும் எண்ணிப் பார்க்கிறார். இப்போது கையில் கோல், பேச்சுக்கிடையே இருமல். அந்த உணர்வுக்கு அவர் இட்ட பெயர் 'இரக்கம்' என்பதுதான். ஐரோப்பியர் இதற்குத் தனிப்பெயர் வைத்தது மிகப் பிற்காலத்தில். 1688இல் பாசெல் நகரில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் இதை ஒரு நோயாகவே கொண்டு ஆய்வேடு எழுதி 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். பிறநாட்டுப் படைகளில் கூலிக்குப் பணிபுரிந்த சுவிட்சர்லாந்து வீரர்கள் ஊர்நினைவால் நலிந்தது பிற்காலத்தில் இந்நோய்க்குப் பேர்போன எடுத்துக்காட்டாயிற்று. மாடு மேய்ப்போர் பாடும் மெட்டு ஒன்றைக் கேட்டால் அவ்வீரர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், சிலர் உயிரையே விடுவார்கள் என்பதால் அதைப் படையில் இசைக்கக் கூடாதென்று தடை இருந்ததாக 1768இல் வெளியான தம் இசை அகராதியில் ரூசோ எழுதுகிறார். அதைவிடக் கூர்மையானது அவர் அதற்குச் சொல்லும் காரணம். வேற்று நாட்டார் அந்த மெட்டைக் கேட்டால் ஒன்றும் நேர்வதில்லை. ஆகவே வீரர்களை வருத்தியது இசை அன்று, இசை நினைவூட்டிய வாழ்க்கைதான் என்கிறார்.

இக்கூற்றை ஏற்றுக்கொண்டால் நம் கூட்டத்துக் கட்சிச் சண்டைக்குப் பொருளில்லாமல் போகும். எவருடைய பாட்டு உயர்ந்தது என்று கேட்பதைவிட, எவர் எவ்வாறு பாட்டைக் கேட்டார் என்று கேட்பதே வரலாற்று மாணவிக்குத் தக்கது. என் வீட்டுக் கதையையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் அது பெரும்பாலும் எல்லா வீட்டுக் கதையும்தான்.

என் அம்மாயியின் காலம் கொட்டகைக் காலம். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்களை இன்று பார்த்தால், கதைக்கிடையே பாட்டு வருகிறதா, பாட்டுக்கிடையே கதை வருகிறதா என்று ஐயுற நேரும். 1934இல் வெளிவந்த 'பவளக்கொடி'யில் பாட்டுகள் ஏறத்தாழ ஐம்பது. நாடக மேடையின் எச்சம் அது. பிறகு எண்ணிக்கை குறைந்தது. ஒவ்வொரு பாட்டும் தனித்து நிற்கத் தொடங்கியது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே பாட்டு அடங்கும். பல்லவி, இரண்டு மூன்று சரணம் என்று திரைப்பாடல் இறுகியதில் அத்தட்டின் அளவுக்கும் பங்குண்டு. வெண்பாவுக்கு நான்கடி வரம்பானது போல என்று சொன்னால் நம் மரபுக் கவிஞர்கள் கோபிக்கலாம்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. ஏற்காடு செல்லும் சாலையில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சின் முதல் படம் 1937இல் வெளிவந்தது. அதன் பின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அவற்றுள் ஒன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) மற்றொன்று. 'மந்திரி குமாரி' (1950) படத்தின் பாடல்களில் ஜி. இராமநாதனின் இசையும் கா.மு. ஷெரீப், மருதகாசி போன்றோரின் தமிழும் சேர்ந்தன. கவிஞர்கள் மாதச் சம்பளத்திற்குச் சேலத்தில் தங்கிப் பாட்டெழுதிய காலம் உண்டு என்பதை நம் வட்டத்து இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். இன்று அங்கே முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள். பொழுது சாயும் நேரத்தில் கொட்டகை உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால் சீட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று சுற்றுக் காடுகளில் வேலை செய்வோர் அறிவர். படம் பார்க்கக் காசில்லாதவருக்கும் பாட்டு உண்டு. உள்ளே பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதையைப் பாதி சொல்லி நிறுத்தி, மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும் மெல்லிய புத்தகம். அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆயினும் பார்த்த படத்துக்கெல்லாம் புத்தகம் வாங்கினார். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பையனை அழைத்து, ஒரு கை நிலக்கடலை கொடுத்து வாசிக்கச் சொல்வாராம். அவன் வாசிப்பது பேச்சோசையில். அம்மாயி அதைக் குழாயில் கேட்ட மெட்டோடு பொருத்தி மனத்தில் ஏற்றிக்கொள்வார். எழுத்து ஒருவரிடம், இசை ஒருவரிடம் இருந்த ஏற்பாடு அது. திருச்செங்கோட்டுப் பக்கத்துத் திரையரங்கு வாழ்க்கையைப் பெருமாள்முருகன் தம் 'நிழல்முற்றம்' நாவலில், அங்கே சோடா விற்ற பையன்களின் வழியாகக் காட்டினார். அதற்கு முந்திய கொட்டகை வாழ்க்கையை, தரை வகுப்பில் மணலைக் குவித்து உயரமாக்கி அமர்ந்து பார்த்த பெண்களின் வழியாக யாரேனும் எழுதினால் நன்று.

அம்மாவின் காலம் இலங்கை வானொலியின் காலம். இந்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக 1952 முதல் 1962 வரை இருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்கள் சுவையைக் கெடுக்கும் என்று கருதியவர். அவர் பொறுப்பேற்ற 1952இலேயே அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகி மறைந்தது. ஆனால் நேயர்கள் செவ்வியல் இசைக்கு மாறிவிடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கைக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் அமைத்த ஆற்றல் மிக்க ஒலிபரப்புக் கருவிகள் போருக்குப் பின் ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தன. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. போருக்கென்று வந்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது. தில்லி 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதியைத் தொடங்கித் தவறைத் திருத்திக்கொண்டது. அதற்குள் தமிழ்நாட்டுச் செவிகள் கடல் கடந்து பழகிவிட்டன. மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் உறவினர் குரல்களாகிவிட்டன. 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்ற நிகழ்ச்சிப் பெயர்களின் தமிழ் நம் வானொலிக்கே பாடமாக அமைந்தது. அந்த ஓரெழுத்தையும் விழுங்காத உச்சரிப்பை நான் வகுப்பறையில் இன்றளவும் எட்டியதில்லை.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், மணமாகும் முன், அம்மா இவ்வூர்ப் பக்கத்துச் சேகோ ஆலை ஒன்றில் குச்சிக்கிழங்குக்குத் தோலுரிக்கும் வேலை செய்தார். எட்டாம் வகுப்பு படித்தவர். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டிய காலம் அது. வீட்டில் பெட்டி இல்லை. ஆலைக் கணக்கரின் மேசைமேல் ஒன்று இருந்தது. கையில் கத்தி, மடியில் கிழங்கு, எழுத முடியாது. ஆகவே பெண்கள் தமக்குள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பல்லவி ஒருத்திக்கு, முதல் சரணம் ஒருத்திக்கு, அடுத்த சரணம் அம்மாவுக்கு. அவரவர் பங்கை அவரவர் மனத்தில் பிடித்துக்கொண்டு, உச்சிப்பொழுதில் சோற்றுப் போசியைத் திறக்கும்போது ஒன்றுசேர்ப்பார்கள். எழுதத் தெரிந்தவர் அம்மா என்பதால் நோட்டு அம்மாவிடம்.

இருநூறு பக்க நோட்டு, பழுப்பு அட்டை. ஒவ்வொரு பாட்டின் கீழும் படம், பாடல், இசை, குரல் என்று நான்கு வரி. அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் இவற்றைச் சொல்வார்கள். அம்மா விடாமல் எழுதிக்கொண்டார். திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்று புறப்பாட்டின் அடியில் நிற்கும் குறிப்பு இதைத்தானே செய்கிறது? திரைப்பாடலுக்கும் ஆசிரியர் உண்டு, அவருக்குப் பெயர் உண்டு என்பதை எட்டாம் வகுப்புப் படித்த பெண்ணுக்குக் கற்பித்தது அந்த வானொலி.

நோட்டில் இடைவெளிகளும் இருந்தன. மத்திய அலை பகலில் நெடுந்தொலைவு செல்லாது. மேல்வானில் ஓர் அடுக்கு அதை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்தபின் அவ்வடுக்கு கலைய, அலை மேலே சென்று எதிரொளித்து வெகுதொலைவில் வந்து இறங்கும். சிற்றலை வேறு வகை. அது எதிரொளித்தே வருவது என்பதால் எழுந்தும் தணிந்தும் ஒலிக்கும். இவ்வாறு குரல் தேய்ந்த கணங்களில் விடுபட்ட சொற்களுக்கு அம்மா இடம் விட்டு எழுதியிருந்தார், அடுத்த முறை ஒலிக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று. சில இடங்கள் நிரம்பின. சிலவற்றில் மூவருமாகக் கூடித் தாங்களே ஒரு சொல்லை இட்டு முடித்துவிட்டார்கள். சந்தம் பிசகாத சொல். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடு குறித்த உ.வே.சா. கண்டிருந்தால் அடிக்குறிப்பில் இடம் தந்திருப்பார்.

1983 ஜூலைக்குப் பின் அந்த அலைவரிசையைக் கேட்பதன் பொருளே மாறியது. கொழும்பில் எரிந்த வீடுகளைப் பற்றியும், அகதிகளாக இங்கே வந்து இறங்கியவர்களைப் பற்றியும் செய்தித்தாளில் படித்துவிட்டு, அதே ஊரிலிருந்து வரும் பாட்டை எப்படிக் கேட்பது? பெட்டி வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் அம்மா மெல்ல மெல்ல முள்ளைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டார். அப்போது எனக்கு நான்கு வயது.

என் காலம் ஒலிநாடாக் காலம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பேழை, இருபது ஆண்டுகள் கழித்தே நம் ஊர்களுக்குப் பரவியது. இங்கே அதைக் கொண்டுவந்து சேர்த்தவை லாரிகள் என்பது என் துணிபு. நாமக்கல் லாரி என்றால் முகப்பில் அலங்காரம், உள்ளே டேப். மாதக்கணக்கில் வடக்கே போய்வரும் ஓட்டுநருக்குத் தமிழ் பேசும் துணை அது ஒன்றே. என் தந்தையும் லாரி ஓட்டியவர். அவர் வண்டியில் கேட்டுத் தேய்ந்த நாடாக்கள்தாம் வீட்டுக்கு வந்தன; ஆகவே என் இளமைக்கால இளையராஜா சற்றே இழுவையான குரலில்தான் பாடினார்.

பதிவுக் கடை என்னும் ஓர் அமைப்பு அன்று இருந்தது. வெற்று நாடா ஒன்றையும், விரும்பும் பாடல்களை எழுதிய தாளையும் கடையில் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார். பதிப்புரிமை பற்றி அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. சங்கப் பாடல்களுக்குத் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் உண்டென்று பின்னாளில் படித்தபோது எனக்கு அக்கடைதான் நினைவுக்கு வந்தது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை; எங்கள் நாடாக்களைத் தொகுத்தவர் கடைக்காரர், தொகுப்பித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் நால்வர். பணம் நால்வருடையது, நாடா ஒன்று. வாரத்துக்கு ஒரு வீடு. அடியளவு கொண்டு குறுந்தொகையையும் நற்றிணையையும் அகநானூற்றையும் பிரித்தது போல இங்கே நிமிடக் கணக்கு. அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது. கடைசிப் பாட்டு பெரும்பாலும் நடுவில் அறுந்துவிடும். அவ்வாறு அறுந்த பாட்டொன்றை இன்று முழுதாகக் கேட்கும்போதும் அந்த இடம் வந்ததும் என் செவி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது எனக்கு வேறு யாருடைய பாட்டோ.

1992இல் 'ரோஜா' வந்தது. அம்மாவுக்கு அது பாட்டாகவே படவில்லை, "சத்தம்" என்றார். அம்மாயியோ அம்மாவின் பாட்டுகளைப் பற்றி அதே சொல்லைச் சொன்னவர். நான் என் மாணவியரின் பாட்டுகளைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுதப்போவதில்லை.

கொட்டகை, வானொலி, நாடா ஆகிய மூன்று காலங்களுக்கும் பொதுவாக நான் காண்பது ஒன்று: எவராலும் ஒரு பாட்டைத் தனியாக வைத்துக்கொள்ள இயலவில்லை. அம்மாயிக்கு ஒரு பையனின் வாய் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இரு தோழியரின் நினைவு. எனக்கு மூன்று பேரின் காசு. பாட்டை நினைத்து நாம் இரங்கும்போது அந்தப் பையனையும் தோழியரையும் நினைத்தே இரங்குகிறோம். ஆயின் மெட்டுக்கும் தமிழுக்கும் இதில் ஒரு பங்கும் இல்லையா? ரூசோவிடம் நான் மாறுபடும் இடம் இதுதான். மூன்று பேர் கிழங்குரிக்கும் கத்தியோடு பங்கிட்டு நினைவில் சுமக்கத்தக்கதாக அப்பாட்டுகள் கட்டப்பட்டிருந்தன. எதுகையும் மோனையும் கைப்பிடிகளாக நின்றன. ஒரு சொல் விழுந்தால் அங்கே எந்த அளவுச் சொல் வரவேண்டும் என்பதை மெட்டே சொன்னது. நம் வட்டத்தில் மரபுக் கவிதை எழுதுவோர் பலரும் யாப்பருங்கலக்காரிகையைத் தொடுமுன்பே சந்தம் அறிந்தது இவ்வழியில்தான் என்று அந்த அரை மணி நேரங்களைக் கேட்டவள் என்ற முறையில் சொல்வேன்.

பாணர் வருவார்கள் என்றேன். நம் கிழக்கே நிற்கும் கொல்லிமலைக்குத் தலைவன் வல்வில் ஓரி. அவனை வன்பரணர் பாடிய இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 152ஆம் புறப்பாட்டில், காட்டில் கண்ட வேட்டுவன் யாரென்று அறியாத நிலையில் பாணர் கூட்டம் முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் எடுத்துப் பாடுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கை. கூட்டமாக அன்றி அவ்விசை இல்லை. அடுத்த பாட்டில் அக்கூட்டம் ஓரியிடம் அளவின்றிப் பெறுகிறது. பசி நீங்குகிறது. ஆடவும் இயலாமல், தம் பாடலையும் மறந்துவிடுகிறார்கள். கொடையின் சிறப்பைக் கூறும் பாட்டு என்றே உரைகாரர் கொள்வர். என் ஆய்வேட்டிலும் நான் அவ்வாறே எழுதினேன். இன்று கைபேசியில் அறுபது ஆண்டுப் பாடல்களும் கொட்டிக் கிடக்க, ஒரு பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்த மாணவி என் வகுப்பில் அரிதாக இருப்பதைப் பார்க்கும்போது, வன்பரணர் வேறொன்றையும் கண்டிருப்பாரோ என்று தோன்றுகிறது. மாணவியரைக் குறை கூறவில்லை. பசி நீங்கியவர்கள் அவர்கள்.

ஆய்வேட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதுகலை படித்த ஆண்டுகளில் நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கக் கொல்லிமலை ஏறினோம். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, எங்கள் பதிவுக் கருவியைக் கண்டு மகிழ்ந்து பாடத் தொடங்கினார். அது ஒரு பழைய திரைப்பாடல்; மெட்டு நடவுக்கேற்ப இழுபட்டு, சொற்கள் பாதி மாறியிருந்தன. "சினிமாப் பாட்டு வேண்டாம் பாட்டி, பழைய பாட்டாகப் பாடுங்கள்" என்று சொல்லிக் கருவியை நிறுத்தியவள் நான். "பழசுதான் சாமி" என்றார் அவர். தமிழ்நாட்டுப் படித்தவர்கள் திரைப்படத்தை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதவில்லை என்று தியடோர் பாஸ்கரன் பலமுறை எழுதியிருக்கிறார். அந்தப் படித்தவர்களுள் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

2007இல் ஆய்வேட்டை அளித்தபின் வீடு மாற்றினோம். படிகள், குறிப்பட்டைகள், பழைய இதழ்கள் என்று அறை நிறையத் தாள். பாணர் பற்றிய கட்டுரைகளின் நகல்களை எல்லாம் கட்டி எடுத்து வைத்தேன். மீதியை எடைக்குப் போட்டேன். பழுப்பு அட்டை நோட்டு அந்த மீதியில் இருந்தது. தெரியாமல் போட்டேன் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அம்மா ஒரே ஒரு முறை, "அந்தப் பாட்டு நோட்டு எங்க கண்ணு?" என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை.

இப்போது அம்மாவுக்குக் கைபேசியில் பாட்டு வைத்துக் கொடுக்கிறேன். இலங்கையிலிருந்து விட்டுவிட்டு வந்த பாட்டு இன்று தேய்வின்றி, முழுதாக, தெளிவாக ஒலிக்கிறது. சில இடங்களில் அம்மா நிமிர்ந்து பார்ப்பார். "இவங்க தப்பாப் பாடறாங்க கண்ணு" என்பார். பிறகு தம் பாடத்தைப் பாடிக் காட்டுவார். இந்தச் சொல்லைப் போட்டவள் இன்னாள் என்றும் சொல்வார். அத்தோழியர் இருவரும் இன்றில்லை.

புதிய நோட்டு ஒன்று வாங்கினேன். இருநூறு பக்கம். படம், பாடல், இசை, குரல் என்று நான்கு வரியிட்டு, ஐந்தாவதாக அம்மாவின் பாடத்தை எழுதுகிறேன். இதுவரை முப்பத்தேழு பாட்டுகள் ஆகியிருக்கின்றன. அம்மாவுக்கு நினைவு வராத அடிகளுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவற்றைக் கைபேசியைப் பார்த்து நிரப்பவில்லை.